அலமாரிக்கு அந்தப் பக்கம்

மூன்று மாடிப் புத்தகக் கடையைச் செருப்புக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டதும், பதினேழு வருடம் அங்கே நின்றுகொண்டே வேலை பார்த்த பட்டியலக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். பட்டியலக்கா என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். வாசலில் நுழைகிறவர் புத்தகத்தின் பாதிப் பெயரைச் சொன்னால் போதும். கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள், இரண்டாம் மாடி, ஜன்னல் பக்கம், கீழிருந்து மூன்றாவது தட்டு, ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது, முனை மடங்கியிருக்கும் பரவாயில்லையா என்று கேட்டுவிடுவாள். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? முதல் வாரம் சமையலறை டப்பாக்களை அடுக்கினாள். இரண்டாம் வாரம் அடுக்கியதையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கினாள். மூன்றாம் வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம், கீழ் ரூமில் சின்னதாக ஒரு புத்தகக் கடை போடலாமென்று இருக்கிறேன் என்று சொன்னாள்.

அவர் லிப்ட் ரிப்பேர் பார்ப்பவர். பகல் முழுக்கக் கட்டடங்களின் வயிற்றுக்குள், கிரீஸ் நாற்றத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்வதாலோ என்னவோ, வீட்டில் அதிகம் பேசமாட்டார். உருளைக்கிழங்கை ரொட்டிக்குள் வைத்து மடித்தபடியே, அக்காவிடம் கேட்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

அக்காவிடம் கேட்கத்தான் வேண்டும். அந்த வீடு தீப்பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தியது போன்ற வீடு. தெருவைப் பார்த்த கீழ் ரூம். அதன் பின்னால் ஒரு குளியலறை. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய செங்குத்தான படிக்கட்டில் ஏறினால் முதல் மாடியில் இவர்கள். இன்னும் பதினான்கு படி ஏறினால் அவருடைய அக்கா. அப்பா விட்டுப்போன கீழ் ரூம் இரண்டு பேருக்கும் பொது. அதில் துணி தேய்க்கும் கடை வைத்திருந்தவர் காலி செய்து போனதிலிருந்து, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் கம்பெனி ஒன்று அந்த இடத்தைக் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தது.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் போய் இருபது வருடமாகிறது, பிள்ளை இல்லை. தெருவுக்கே அவர் நர்சம்மா. எதையும் கேட்டு நம்புகிற வழக்கம் அவரிடம் கிடையாது. சூடு இருக்கிறதா, தொட்டுப் பார்க்க வேண்டும், குறித்து வைக்க வேண்டும். தம்பி மனைவி புத்தகக் கடை என்றதும் அவர் மறுநாள் காலையில் ஒரு நாற்காலியைத் தூக்கச் சொல்லி எதிர்ச் சாரியில் பூட்டுச்சாவிக் கடை நிழலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எண்ணிக்கொண்டு. பூட்டுச்சாவிக்காரர் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் நர்சம்மா தம்பி வீட்டு மேசையில் வந்து உட்கார்ந்தார்.

"எண்ணூத்திப் பன்னெண்டு பேர். அதுல அறுநூறு பேருக்கு மேல போனைப் பாத்துக்கிட்டே போறாங்க. நிமிர்ந்து பாத்தாத்தானே கடை இருக்கறதே தெரியும்? ஒரே ஒருத்தர் கையில புத்தகம் இருந்தது. அவரும் அதை வெயிலுக்குத் தலையில பிடிச்சுக்கிட்டுப் போனாரு."

"ஆரம்பிக்க அந்த ஒருத்தர் போதும், அண்ணி" என்றாள் பட்டியலக்கா.

நர்சம்மா அவளைச் சற்று நேரம் பார்த்தார். வார்டில், பிழைக்கமாட்டார் என்று எழுதிவிட்ட நோயாளி எழுந்து சோறு கேட்டால் பார்க்கிற பார்வை அது.

"ஆறு மாசம் வெச்சுக்க. அதுக்கப்புறம் அந்த ரூம் எனக்கு வேணும்."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பார்சல் கம்பெனிக்குத்தான் என்று புருஷனும் பெண்டாட்டியும் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

கடை போட்டாயிற்று. துணி தேய்த்த இடமாதலால் சுவரெல்லாம் ஆவி குடித்து ஊறியிருந்தது. சுரண்டிச் சுண்ணாம்பு அடித்து, அலமாரிகளைச் சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிறுத்தினார்கள். பழைய லிப்ட் ஒன்றைக் கழற்றியபோது வந்த பலகைகளை அறுத்து அவரே தட்டுகள் செய்து கொடுத்தார். விற்காததைத் திருப்பி எடுப்பதில்லை என்று மொத்த விற்பனையாளர்கள் சொல்லிவிட்டதால், பட்டியலக்கா ஒவ்வொரு புத்தகத்தையும் பெண் பார்ப்பதுபோலப் பார்த்து எடுத்தாள். எது முகம் காட்டி நிற்கும், எது முதுகு காட்டி நிற்கும் என்று நாலு நாள் மாற்றி மாற்றி வைத்தாள்.

முதல் மாதம் கூட்டம் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள், கணவரின் சகாக்கள், பூட்டுச்சாவிக்காரர் எல்லோரும் கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் மாதம் அவர்கள் வரவில்லை. வந்தவர்கள் ஜெராக்ஸ் உண்டா என்று கேட்டார்கள், பேனா உண்டா என்று கேட்டார்கள், நாற்பத்தேழாம் நம்பர் வீடு எது என்று கேட்டார்கள். நல்ல உடுப்பு உடுத்த ஒருவர் ஒரு மணி நேரம் நின்று, அவளிடம் இது எப்படி அது எப்படி என்று விசாரித்து, அவள் எடுத்துக் கொடுத்த ஆறு புத்தகத்தின் அட்டைகளையும் போனில் படம் பிடித்துக்கொண்டார். வீட்டிலிருந்தே வரவழைத்துக்கொள்கிறேன், அங்கே விலை குறைவு என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு வந்த கோபம் அவர்மீது வந்ததா, அந்த ஆறும் அவருக்குச் சரியாகப் பொருந்தும் என்று தெரிந்த தன்மீதே வந்ததா என்று அவளுக்கே புரியவில்லை. அன்று சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை. அவள் தூசி தட்டின தட்டையே திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் சிலர் ஒட்டிக்கொண்டார்கள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற பெண்மணி, மாவு உப்புகிற நேரத்தில் படிக்க ஏதாவது வேண்டும் என்று வாரம் ஒருமுறை வந்தார். அத்தியாயம் சின்னதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. டாக்சி ஓட்டுகிறவர் ஒருவர், ஆள் செத்தே ஆக வேண்டும் ஆனால் ரத்தம் வேண்டாம் என்று கேட்டு, அப்படியும் ஒன்று கிடைத்ததில் ஆச்சரியப்பட்டுப் போனார். கடை ஓடுகிறதா என்று கேட்டவர்களிடம் பட்டியலக்கா, ஓடவில்லை, நடக்கிறது என்றாள்.

நர்சம்மா மட்டும் கடைக்குள் காலெடுத்து வைக்கவே இல்லை. வெளியே போகும்போதும் வரும்போதும் சுவரைப் பிடித்தபடி நிதானமாகப் படி இறங்கி, வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். மருந்துச் சீட்டைவிட நீளமாக எதையும் அவர் படித்து யாரும் பார்த்ததில்லை.

நாலாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாகத் தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பார்சல்காரர் சொட்டச் சொட்ட வந்து வாசலில் நின்றார். மேல்மாடியில் மணி அடித்தேன், ஆள் இல்லை, இதை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நர்சம்மா கூட வேலை பார்த்த தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே போயிருந்தார். பட்டியலக்கா வாங்கினாள். அட்டைப்பெட்டி ஊறிக் கூழாகியிருந்தது. அவள் மேசையில் வைப்பதற்குள் அடி பிரிந்து உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. புத்தகம். கீழ்ப் பாதி முழுக்க நனைந்திருந்தது.

தன் கடைக்கு மேலேயே இருந்துகொண்டு அண்ணி வெளியிலிருந்து புத்தகம் வரவழைக்கிறாரா என்று முதலில் சுருக்கென்றது. ஆனால் கை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நனைந்த புத்தகத்தை அப்படியே விட்டால் இருட்டுவதற்குள் தாள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். மெல்லிய வெள்ளைத்தாளை வெட்டி, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, நடுவில் ஒன்று வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை ஈரத்தாளை எடுத்துவிட்டு உலர்ந்ததைச் செருகிக்கொண்டே இருந்தாள். நூற்றெண்பது பக்கம். அப்படி ஒவ்வொரு தாளாகத் தொடுகிறவள் கண்ணை மூடிக்கொண்டா தொடமுடியும்?

கை நடுக்க நோய் வந்தவர்கள் தங்கள் வீட்டை எப்படி மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய புத்தகம் அது. கரண்டியின் பிடியைத் தடிமனாக்குவது, சட்டைப் பொத்தானுக்குப் பதில் ஒட்டுப்பட்டை, குளியலறையில் பிடிமானம். ஏழாவது அத்தியாயம் படிக்கட்டு. மாடியில் குடியிருப்பவர்கள், கால் தடுமாறத் தொடங்குவதற்கு முன்பே தரைத்தளத்து அறை ஒன்றைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

அந்தத் தாளைப் பிரித்தபடியே அவள் நின்றுவிட்டாள். வெயிலிலும் போர்த்திய சால்வை. நாற்காலியைத் தானே தூக்காமல் தூக்கச் சொன்னது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. ஆறு மாசம். கண்ணெதிரே இருந்த எல்லாவற்றையும், பதினேழு வருடம் எந்தத் தட்டில் எது என்று மறக்காதவள், பார்க்காமலேயே இருந்திருக்கிறாள்.

மழை விட்ட சாயங்காலம் நர்சம்மா திரும்பி, படியேறிப் போன சத்தம் கேட்டது. பட்டியலக்கா கடையைச் சாத்திவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். உலர்ந்து, உப்பி, இரண்டு மடங்கு பருமனாகியிருந்த அதை மேசையில் வைத்தாள். நர்சம்மா அதையும் அவளையும் பார்த்தார்.

"எத்தனை பக்கம் படிச்சே?"

"படிக்கணும்னு எடுக்கல, அண்ணி. நனைஞ்சு போச்சு. தாள் தாளாப் பிரிச்சுக் காயவெச்சேன்."

"அப்ப முழுசும் படிச்சிருக்கே."

நர்சம்மா சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, வேறு யாருடைய பொருளையோ வைப்பதுபோல மேசைமேல் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தன.

"மாத்திரை உருட்டுற மாதிரி இருக்கும்னு எங்களுக்குப் பாடத்துலயே சொல்லிக் குடுத்தாங்க. டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே எத்தனை பேருக்கு நான் இதைக் கண்டுபிடிச்சிருக்கேன் தெரியுமா? எனக்கு வந்தப்ப மட்டும் நாலு மாசம் குளிருனு நினைச்சுக்கிட்டேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, நீ கடை போடுகிறேன் என்று வந்து நின்றாயே, அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். ஒரு வருடத்துக்குள் படி ஏறுவதை நிறுத்திவிட வேண்டுமாம். இன்றைக்கும் அவரைப் பார்க்கத்தான் போயிருந்தார்.

"கீழயே கடை வெச்சிருக்கேனே, அண்ணி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம். கேட்டா நீ இதைவிட நல்ல புத்தகமா எடுத்துக் குடுத்திருப்பே. குடுக்கும்போது என் முகத்தைப் பாத்திருப்பே. பார்சல்காரர் பாக்க மாட்டாரு. அவருக்கு நேரமில்ல."

"நான் பாத்திருக்க மாட்டேன். பதினேழு வருஷம் பில் போட்டிருக்கேன். சிலபேர் நாலு கதைப் புத்தகத்துக்கு நடுவுல ஒண்ணைக் கவுத்து வெச்சுக் குடுப்பாங்க. புத்துநோயா இருக்கும், குழந்தை இல்லாததா இருக்கும், புருஷன் குடிக்கறதா இருக்கும். நான் பின்னட்டையை மட்டும் பாத்து பில் போட்டு, கவுத்த மாதிரியே பையில வெச்சுக் குடுத்துருவேன். தலை நிமிர மாட்டேன். அது எனக்குத் தெரியும்."

"வெளியாளைப் பாக்காம இருக்க உனக்குத் தெரியும். என்னை?"

பட்டியலக்கா அப்போதும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று பார்வையை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்க அது போதவில்லை.

"ரூம் வேணும்னு தெரிஞ்சும் ஏன் எனக்குக் குடுத்தீங்க?"

"ஆறு மாசம் சும்மாதானே கிடக்கும்" என்றார் நர்சம்மா. பிறகு, "நீ டப்பாவை அடுக்கறதும் கலைக்கறதும் மேல எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்தது" என்றார்.

தம்பியிடம் அன்றைக்கே, சாப்பாட்டு மேசையில், சோதனை முடிவை வாசிக்கிற குரலில் அவரே சொல்லிவிட்டார். முட்டையை உரித்துக்கொண்டிருந்த தம்பி, உரித்ததைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனார். டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டை அளந்தார். மறுநாளும் அளந்தார். மூன்றாம் முறை அளந்தபோது, மேல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்ல இருக்கற கிழவங்களையெல்லாம் ஏத்தி இறக்கி விடறேன்" என்றார் மனைவியிடம். "எங்க அக்காவுக்கு ஒரு நாற்காலி போற அளவு இடம் கூட இந்தப் படியில இல்ல."

இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று பட்டியலக்காவுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை கடையைத் திறந்தவள், மூடியிருக்கிறது என்ற பக்கம் தெரியும்படி வாசல் பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, பெட்டிகளை எடுத்துப் போட்டுப் புத்தகங்களை இறக்க ஆரம்பித்தாள். அழவில்லை. முதல் கடை மூடியபோது அழுததே போதும் என்றிருந்தது. அப்போது மூடியவர்கள் யாரோ. இப்போது அவளே மூடுகிறாள், அதுவும் சரியான காரணத்துக்காக. அப்படி நினைத்துக்கொண்டால் சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். சுலபமாக இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் யாருக்காக வாங்கி வைத்தோம் என்று ஞாபகம் வந்தது. அவர்களில் பலர் அந்தக் கடைக்கு இன்னும் வந்திராதவர்கள்.

மூன்றாவது பெட்டி நிரம்பியபோது வாசலில் நிழல் விழுந்தது. நர்சம்மா. முதல்முறையாகக் கடைக்குள் வந்தார்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே. யாரைக் கேட்டு மூடறே?"

"கால் தடுமாறறதுக்கு முன்னாடியே மாறணும்னு போட்டிருக்கு, அண்ணி. ஏழாவது அத்தியாயம்."

"எனக்குப் பாடம் எடுக்காதே." அவர் சுற்றிலும் பார்த்தார். வாசலிலிருந்து பின்சுவர்வரை நடந்தார். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி. வாய்க்குள்ளேயே கணக்குப் போடுவது தெரிந்தது. "இந்த ரூம் எவ்வளவு நீளம்?"

"இருபத்திரெண்டு அடி."

"எனக்கு எதுக்கு இருபத்திரெண்டு அடி? பத்தடி போதும். இந்தப் பெரிய அலமாரியைக் குறுக்க நிறுத்து. அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ."

அது சரிப்படாது என்றாள் பட்டியலக்கா. வருகிறவர் போகிறவர் பேச்சு எல்லாம் கேட்கும், இருமினால் தெரியும், முடியாத நாளில் நிம்மதியாகப் படுக்க முடியாது என்று அடுக்கினாள். உங்கள் கையை நான் பார்த்துவிடக் கூடாதென்று இத்தனை நாள் மறைத்த நீங்கள், தெருவே வந்து போகிற இடத்தில் எப்படி இருப்பீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டாள். நர்சம்மா அதையும் சேர்த்தே பதில் சொன்னார்.

"முப்பத்திரண்டு வருஷம் வார்டுல ஒரு படுக்கைக்கும் அடுத்த படுக்கைக்கும் நடுவுல ஒரு திரைதான் இருந்தது. தனி ரூம் நோயாளிங்க மணி அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. வார்டுல இருக்கறவனுக்கு ஒண்ணுன்னா பக்கத்துப் படுக்கைக்காரன் கத்துவான், நாங்க ஓடுவோம். எனக்குத் தனி ரூம் வேண்டாம்மா. நீ சத்தம் கேக்கற தூரத்துல இரு, அது போதும்."

பட்டியலக்கா கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் போடாமல், தட்டில் திரும்ப வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிப்ட்காரரும் பூட்டுச்சாவிக்காரரும் சேர்ந்து அலமாரியைக் குறுக்கே நகர்த்தித் தரையோடு போல்ட் போட்டு முறுக்கினார்கள். குளியலறையில் இரண்டு பக்கமும் பிடிமானம் வைத்தார்கள். கட்டிலைக் கீழே இறக்கியபோது படிக்கட்டில் மாட்டிக்கொண்டு, கால்களை அறுத்துத்தான் கொண்டுவர முடிந்தது. கட்டில் குட்டையாகிவிட்டது, விழுந்தாலும் அடிபடாது என்று நர்சம்மா திருப்திப்பட்டார்.

இடம் பாதியானதால் புத்தகமும் பாதியாக வேண்டியிருந்தது. பட்டியலக்காவுக்கு அதுதான் பெரிய வேதனையாக இருந்தது. இரண்டாயிரத்தில் எந்த ஆயிரம்? நன்றாக விற்பதை மட்டும் வைத்தால் அது யாருடைய கடையாகவும் இருக்கலாம். தனக்குப் பிடித்ததை மட்டும் வைத்தால் அது வீட்டு அலமாரி. நாலு நாள் தரையில் உட்கார்ந்து யோசித்து, கடைசியில், இன்னாருக்கு என்று ஒரு முகமாவது மனதில் தோன்றுகிற புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். மற்றதைப் பழைய சகாக்கள் மூலம் வேறு கடைகளுக்குக் கைமாற்றினாள். இனி எத்தனை மாதம் தாங்கும் என்று கணவர் கேட்டபோது, தெரியாது என்றாள். உண்மையாகவே தெரியாது. அலமாரி போல்ட்டை இன்னொரு முறை முறுக்கிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

கீழே வந்த இரண்டாம் நாளே நர்சம்மா ஒரு குறை சொன்னார். படுத்தால் கண்ணுக்கு நேரே அலமாரியின் மொட்டை முதுகுதான் தெரிகிறதாம், பிணவறைக் கதவு மாதிரி இருக்கிறதாம். லிப்ட்காரர் முதுகுப் பலகையில் நடுத்தட்டு அளவுக்கு அறுத்து எடுத்துவிட்டார். அந்த ஒரு தட்டுப் புத்தகங்கள் மட்டும் அந்தப் பக்கம் முகம் காட்டி நின்றன. என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு, எதையாவது வை, எனக்கா படிக்கத் தெரியும் என்றார் நர்சம்மா. பட்டியலக்கா ரொட்டிக் கடைப் பெண்மணிக்கு எடுத்து வைப்பதைப்போலச் சின்ன அத்தியாயங்களாகப் பார்த்து ஒரு வரிசை வைத்தாள். தாளைத் திருப்புவதற்குள் கை போராடும் என்பதால், தடித்த தாளில் அச்சடித்தவையாகத் தேடி வைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் அந்த வரிசையில் ஒன்று இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகல், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முதல்முறையாகக் கடைக்கு வந்தாள். வெள்ளைக் கோட்டுடனேயே வந்திருந்தாள். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை, பேர் ஞாபகமில்லை, அட்டை நீலமாக இருக்கும் என்றாள். பட்டியலக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. நடுத்தட்டு, இடமிருந்து நாலாவது, ஒரே பிரதி. கையை நீட்டினாள், அந்த இடம் காலியாக இருந்தது.

காலி இடத்தின் வழியாக அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னும் பத்துப் பக்கம்தான் இருக்கு. உக்காரச் சொல்லு."

அந்தப் பெண் பட்டியலக்காவைப் பார்த்தாள். பட்டியலக்கா முக்காலியைக் காட்டினாள். கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஒரு தாள் புரள்வது கேட்டது. பாதியில் நின்று, மறுபடி முயன்று, புரண்டது. அவசரப்படுத்துவது போலிருக்குமோ என்று இருவரும் பேசவில்லை. தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு சைக்கிளில் போனார்கள். தாள்கள் ஒவ்வொன்றாக, நேரமெடுத்துக்கொண்டு புரண்டன.

பிறகு நடுத்தட்டின் இடைவெளியில் நீல அட்டை தெரிந்தது. அதைப் பிடித்திருந்த வலது கையும் தெரிந்தது. சால்வை இல்லை. புத்தகம் நடுங்கி, பக்கத்துப் புத்தகத்தில் இடித்து, மறுபடி நேராகி வந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று, இழுக்காமல், அது தன்னிடம் வந்து சேரும்வரை கையை விரித்தபடி நின்றாள்.

"முடிவு எப்படிம்மா, நல்லா இருக்கா?" என்று அலமாரியிடம் கேட்டாள்.

"சொன்னா நீ எதுக்கு வாங்கப்போறே?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "காசைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்ப் படி. படிச்சிட்டு வா, பேசலாம்."